பழைய உறையில் பாதி முத்திரை: உண்மையாகத் தபாலில் போனதா, பிறகு ஒட்டியதா?

கல்முனையிலோ காத்தான்குடியிலோ யாராவது பழைய அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது ஒரு கட்டுக் கடிதம் வெளியே வரும். அதில் ஒன்றில் முத்திரை குறுக்கே வெட்டிப் பாதியாக ஒட்டப்பட்டிருக்கும். உடனே போனில் ஒரு படம் எடுத்து, அண்ணன் என்றோ நானா என்றோ கூப்பிட்டு, "இது எவ்வளவு போகும்?" என்று அனுப்பிவிடுவார்கள். படத்தில் முத்திரை மட்டும் பெரிதாக இருக்கும், உறையின் மிச்சப் பகுதி விரலுக்குப் பின்னால். நான் முதலில் கேட்பது முழு உறையின் படத்தைத்தான், முன்பக்கமும் பின்பக்கமும். பாதி முத்திரை தன்னைப் பற்றி ஒன்றையும் நிரூபிக்காது, கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியது உறைதான். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தச் சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதுதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஒரு ஊரில் குறைந்த பெறுமதி முத்திரை தீர்ந்துவிட்டது, கப்பல் வர இன்னும் நாளாகும், சனம் கடிதம் போட வந்து வரிசையில் நிற்கிறது. அப்போது கூடிய பெறுமதி முத்திரையை இரண்டாக வெட்டி, பாதியைப் பாதி விலைக்கு ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இதைத் தேடுவதென்றால் பைசெக்ட் என்று தேடுங்கள். சில இடங்களில் இது முறையான உத்தரவோடு நடந்தது. 1878 இல் பார்படோஸில் 5 ஷில்லிங் முத்திரையை நடுவே துளையிட்டுப் பிரித்து ஒவ்வொரு பாதியிலும் 1 பென்னி என்று அச்சடித்து விற்றார்கள். 1903 இல் டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 4 சென்ட் முத்திரையின் பாதி 2 சென்ட்டுக்குப் போனது. அதே வருடம் ஒக்டோபரில் சீனாவின் பூச்சோவில் 2 சென்ட் முத்திரையைக் குறுக்கே வெட்டி 1 சென்ட்டுக்குச் சில நாட்கள் பாவித்தார்கள், பக்கத்தில் அதற்கென்றே ஒரு சீலும் அடித்தார்கள். எல்லாவற்றிலும் பிரபலமானது ஆங்கிலக் கால்வாயில் உள்ள கேர்ன்சி தீவு. ஜேர்மன் படை பிடித்து வைத்திருந்த காலத்தில், 1940 டிசம்பர் 27 முதல் அடுத்த வருடம் பெப்ரவரி வரை, 2 பென்னி முத்திரையை மூலைக்கு மூலை வெட்டி 1 பென்னிக்குப் பாவிக்க அங்கே அனுமதி இருந்தது. உத்தரவு இல்லாமலே சிறிய ஊர்களில் தபால் அதிபர் கண்ணை மூடிக்கொண்டு விட்ட பாதி முத்திரைகளும் உலகம் முழுக்க உண்டு, தலையிடி தருவது இந்த வகைதான்.

இலங்கைக் கதை கொஞ்சம் வேறு. இங்கே முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வந்தது, 6 பென்ஸ். 1872 இல் ரூபாய் சதக் கணக்குக்கு மாறினோம். பெறுமதி போதாமல் போனபோது கொழும்பில் செய்தது பெரும்பாலும் மேலச்சு, அதாவது இருக்கிற முத்திரையின் மேலே புதுப் பெறுமதியை அச்சடித்துவிடுவது. 1885 இல் அப்படி வந்த மேலச்சு முத்திரைகளை மட்டும் சேர்த்தாலே ஒரு அல்பத்தில் பல பக்கம் நிரம்பும். கொழும்பில் அச்சடித்து மட்டக்களப்புக்கு அனுப்பிவிடலாம் என்றால் முத்திரையை வெட்ட வேண்டிய அவசரம் குறைவுதானே. ஆகவே இலங்கை முத்திரையின் பாதியை ஒருவர் நீட்டினால் நான் சந்தேகத்தில்தான் தொடங்குவேன், கேர்ன்சிப் பாதி என்றால் கொஞ்சம் நம்பிக்கையோடு தொடங்குவேன். இரண்டையும் சோதிக்கும் முறை ஒன்றுதான்.

கை வைக்க முன்

கழுவ வேண்டாம். தண்ணீரில் போட்டு முத்திரையைப் பிரிக்க வேண்டாம். உறையில் இருந்து கழன்ற பாதி முத்திரை என்பது வெட்டிய கடதாசித் துண்டு, அவ்வளவுதான். ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற விலைப்பட்டியல்கள் சாதாரண பாதி முத்திரைக்கு உறையோடு இருந்தால் மட்டும் விலை போடுவது இதனால்தான். உறையின் மூலையை மட்டும் முத்திரையோடு சதுரமாக வெட்டி வைக்கும் பழைய பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதையும் செய்யாதீர்கள், முகவரியும் பின்பக்கச் சீலும் போனால் பாதி விசாரணை போய்விடும். செலோரேப் ஒட்டுவது, லமினேற் செய்வது பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று லமினேற் செய்து கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தேவையான சாமான்: பத்து மடங்கு பெருக்கும் ஒரு சின்ன லென்ஸ், போன் ரோச், ஒரு கவராயம், தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்று. கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் நீல லைட் கிடைத்தால் இன்னும் நல்லது.

கணக்குச் சரிவருகிறதா

லென்ஸை எடுக்க முன் கணக்கைப் பாருங்கள். பாதி முத்திரையின் பெறுமதி, பக்கத்தில் முழு முத்திரை ஏதும் இருந்தால் அதன் பெறுமதி, இரண்டையும் கூட்டினால் அந்தக் காலத்தில் அந்தக் கடிதத்துக்கு உரிய கட்டணம் வர வேண்டும். கட்டணம் என்பது ஒன்றல்ல. உள்நாட்டுக் கடிதத்துக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று, போஸ்ட்காட்டுக்கு ஒன்று, அச்சிட்ட தாளுக்கு ஒன்று, நிறை கூடினால் வேறு. உதாரணமாக 5 சத முத்திரையின் பாதி என்றால் இரண்டரைச் சதம், அப்படி ஒரு கட்டணம் அந்த வருடத்தில் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் அந்த உறையை அங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மற்ற முத்திரைகளே கட்டணத்துக்குப் போதுமாக இருந்தால், அந்தப் பாதி பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி.

பழைய கட்டணம் எங்கே தெரியும் என்று கேட்பீர்கள். அரச வர்த்தமானிகளில் இருக்கும், ஆனால் அதைத் தேடிக் கொழும்புக்குப் போக எல்லாராலும் முடியாது. எளிய வழி, அதே வருடம், அதே மாதிரிப் பாதையில் போன சாதாரண உறைகளைப் பார்ப்பது. ஒருவர் 1930களில் அக்கரைப்பற்றில் இருந்து கொழும்புக்குப் போட்ட கடிதம் பத்து உங்களிடம் இருந்தால் கட்டணம் என்ன என்பதை அந்த முத்திரைகளே சொல்லிவிடும். விலை இல்லாத உறைகள் என்று கடைக்காரர் ஒதுக்கும் கட்டை நான் ஆசையோடு வாங்குவது இதற்காகத்தான்.

திகதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தட்டுப்பாடு இருந்த காலத்துக்குள் சீல் திகதி விழ வேண்டும். கேர்ன்சி 2 பென்னிப் பாதியில் 1940 நவம்பர் திகதி இருந்தால் கதை முடிந்தது.

வெட்டிய விளிம்பு

முழு விசாரணையிலும் முக்கியமான இடம் இது, அவசரப்படாமல் பாருங்கள்.

தபாற்கந்தோரில் நடந்த ஒழுங்கு இது: முதலில் வெட்டு, பிறகு ஒட்டு, கடைசியில் சீல். ஆகவே சீலின் மை பாதி முத்திரையில் தொடங்கி, வெட்டிய விளிம்பைத் தாண்டி, உறைக் கடதாசிக்கு இறங்கியிருக்க வேண்டும். வெட்டிய விளிம்பை என்று அழுத்திச் சொல்கிறேன். பல்லுப் பல்லாக இருக்கும் துளை விளிம்பைத் தாண்டியிருந்தால் போதாது. முழு முத்திரை ஒட்டிச் சீல் அடித்த உறையில் இருந்து, பிறகு ஒருவர் முத்திரையின் ஒரு பாதியை மட்டும் நனைத்து வெட்டி எடுத்திருந்தாலும் துளை விளிம்புப் பக்கம் சீல் அழகாகத் தொடரும், வெட்டிய பக்கத்தில்தான் வட்டம் திடீரென்று அறுந்து நிற்கும்.

லென்ஸை வைத்து வட்டக்கோடு விளிம்பைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். முத்திரைக் கடதாசிக்கு ஒரு தடிப்பு இருக்கிறது, இரும்புச் சீல் அந்தப் படியில் விழும்போது விளிம்பை ஒட்டி, உறைப் பக்கத்தில், மயிரிழை அளவுக்கு மை படாத இடைவெளி ஒன்று பெரும்பாலும் விழும். புதியவர்கள் இதைப் பார்த்து, கோடு அறுந்திருக்கிறது, ஆகவே போலி என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இல்லை, அந்தச் சின்ன இடைவெளி நல்ல அடையாளம். கெட்ட அடையாளம் வேறு: இடைவெளிக்குப் பிறகு கோடு தொடங்கும் இடம் பக்கமாக விலகியிருப்பது, வட்டத்தின் வளைவு மாறுவது, மையின் நிறம் இந்தப் பக்கம் கறுப்பு அந்தப் பக்கம் மண்ணிறம் என்று இருப்பது. பேனையால் நீட்டிய கோடு என்றால் படியைத் தாண்டும்போது இடைவெளியே இல்லாமல் வழுவழுவென்று இறங்கியிருக்கும்.

வெட்டு முகத்தையும் பாருங்கள். வெட்டிய பிறகு சீல் விழுந்திருந்தால், கோடு கடக்கும் இடத்தில் வெட்டின் நார்களுக்குள் மை கொஞ்சம் ஊறியிருக்கும். சீல் அடித்த முத்திரையைப் பிறகு வெட்டியிருந்தால் மை மேற்பரப்பில் நின்றுவிடும், வெட்டு முகம் வெள்ளையாக இருக்கும். முத்திரையின் மற்றப் பக்கங்கள் அழுக்கேறி மங்கியிருக்க, வெட்டிய பக்கம் மட்டும் புது வெள்ளையாக இருந்தால் அது நேற்றைய கத்தரிக்கோல். வெட்டு நேராக இல்லை, கோணலாக இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது யார் அடிமட்டம் வைத்து வெட்டினார்கள்?

இப்போது கவராயம். தெளிவான பிளாஸ்டிக் தாளை உறையின் மேல் வைத்து, தெரியும் வட்டப் பகுதிக்குப் பொருத்தமான முழு வட்டத்தை வரையுங்கள் (ஊசி முனை உறையைக் குத்தாமல், மையத்தைப் பேனையால் குறித்துக்கொண்டு தாளை எடுத்து மேசையில் வைத்து வரையுங்கள்). முத்திரைப் பகுதியும் உறைப் பகுதியும் ஒரே வட்டத்தில் உட்கார வேண்டும். அதே தபாற்கந்தோரின் சீல் உள்ள வேறு உறை கிடைத்தால் விட்டத்தையும் எழுத்தின் வடிவத்தையும் ஒப்பிடலாம்.

சீல் பாதி முத்திரையில் படவே இல்லை, தூரத்தில் உறையில் மட்டும் இருக்கிறது என்றால்? உண்மையாகவும் இருக்கலாம், அவசரத்தில் எத்தனையோ முத்திரை சீல் படாமல் போயிருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியாது, நிரூபிக்க முடியாததற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வெளிச்சமும் பூச்சியும்

நமது கரைப்பக்கக் காற்றில் உப்பும் ஈரமும் கூட, கடதாசி பழுப்பேறுவதும் கறை பிடிப்பதும் கெதியாக நடக்கும். இது சேகரிப்பாளருக்கு எரிச்சல், விசாரிக்கிறவருக்கு உதவி. ஐம்பது அறுபது வருடம் ஒரு முத்திரை ஒட்டியிருந்த இடத்தில் உறை அதிகம் நிறம் மாறாமல் இருக்கும், சுற்றி மட்டும் கறுத்திருக்கும். பாதி முத்திரைக்குப் பக்கத்தில், மற்றப் பாதி இருந்திருக்க வேண்டிய இடத்தில், முக்கோணமாக ஒரு வெளிறிய நிழல் தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அங்கே முழு முத்திரை இருந்திருக்கிறது. பசையின் மினுக்கம், மேற்தோல் உரிந்த அடையாளம் இருந்தாலும் அதே முடிவுதான்.

பிறகு உறையின் வாயை மெதுவாகத் திறந்து, உள்ளே ரோச்சை வைத்து, வெளியில் இருந்து பாருங்கள். முத்திரைக்குக் கீழே வேறு முத்திரையின் துண்டோ, சீலின் கோடோ, கையெழுத்தோ மறைந்திருந்தால் நிழலாகத் தெரியும். அசலில் முத்திரைக்குக் கீழே சீல் மை போக வழியே இல்லை.

நீல லைட்டை இருட்டு அறையில் பிடியுங்கள். கடதாசியை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் சாயங்கள் பரவலானது சுமார் 1950க்குப் பிறகு. அதற்கு முந்தைய உறையும் முத்திரையும் மங்கலாகக் கிடக்க, விளிம்பைச் சுற்றி மட்டும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அங்கே புதுப் பசை வேலை நடந்திருக்கிறது.

பூச்சி அரித்த ஓட்டையைப் பார்த்தால் முகம் சுழிக்காதீர்கள். ஒரே ஓட்டை முத்திரையையும் அதன் கீழே உள்ள உறையையும் நேராகத் துளைத்துப் போயிருந்தால், பூச்சி வந்த நாளில் அந்தப் பாதி அங்கே ஒட்டியிருந்திருக்கிறது. உறையில் ஓட்டை இருக்கிறது, மேலே முத்திரை மட்டும் முழுசாக இருக்கிறது என்றால் பூச்சி போன பிறகு முத்திரை வந்திருக்கிறது. போலி செய்கிறவர்கள் சீலைக் கவனிப்பார்கள், பூச்சியைக் கவனிக்க மாட்டார்கள்.

நனைந்த உறைகள் தனிக் கதை. 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் தப்பிய கட்டுகள் நமது பக்கத்தில் சில வீடுகளில் இருக்கின்றன. பசை கரைந்து முத்திரைகள் இடம் மாறி ஒட்டியிருக்கும், ஒன்றின் மை மற்றொன்றில் பதிந்திருக்கும், கிழிந்த முத்திரை பாதியாகத் தெரியும். அங்கே மோசடி ஒன்றும் இல்லை, ஆனால் தபால் சாட்சியும் இல்லை. குடும்பப் பொருளாக அப்படியே வைத்திருங்கள்.

முகவரியும் பின்பக்கமும்

யார் யாருக்குப் போட்டது? ஒரு வியாபாரி தன் கொள்வனவாளருக்கு, ஒரு மகன் தாய்க்கு என்றால் நல்லது. முத்திரை வியாபாரிக்கோ, அனுப்பியவரே தனக்கோ போட்டிருந்தால் அது நினைவுப் பொருளாகச் செய்த உறை. கேர்ன்சியில் இது ஏராளம். முதல் நாள் திகதியோடு, உறையின் நடுவில் அழகாக ஒட்டி, தெளிவாகச் சீல் விழ வைத்து அனுப்பியிருப்பார்கள். இதைப் போலி என்று சொல்ல முடியாது, தபாலில் போனதுதான், ஆனால் தேவைக்காகப் போனது அல்ல, விலையும் அதற்கேற்ப இறங்கும்.

பின்பக்கத்தில் போய்ச் சேர்ந்த ஊரின் சீல் இருந்தால் திகதிகளை ஒப்பிடுங்கள், பயண நாள் நம்பும்படி இருக்க வேண்டும். முன்பக்கத்தில் T என்ற ஆங்கில எழுத்தோ, தண்டக் காசு எழுதிய குறிப்போ இருந்தால் சந்தோஷப்படுங்கள். பாதி முத்திரையை ஏற்காத தபாற்கந்தோர், குறைந்த கட்டணத்தின் இரு மடங்கைப் பெறுகிறவரிடம் அறவிடும் வழக்கம் இருந்தது. அந்தத் தொகையை இரண்டால் வகுத்தால் குறைந்த கட்டணம் வரும், அது பாதி முத்திரையின் பெறுமதியோடு ஒத்துவந்தால், நிராகரிக்கப்பட்ட அந்தப் பாதி அன்றைக்கு உறையில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

முத்திரை இல்லாமலே போன உறைகளைப் பற்றியும் கவனம். 1857க்கு முந்தைய கடிதங்களில் கட்டணத்தைக் கையால் எழுதியிருப்பார்கள். மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷனரி 1814 இலேயே வந்துவிட்டார், ஆகவே இங்கிருந்து போன அப்படிப்பட்ட கடிதம் ஒன்று கண்ணில் படுவது நடக்காத காரியம் அல்ல. கச்சேரிகளில், அதாவது மாவட்ட அரச காரியாலயங்களில், இருந்து போன அரச சேவைக் கடிதங்கள் பலவும் முத்திரை இல்லாமல் சீலோடு போனவை. அசல் உறை, அசல் சீல், வலது மூலை காலி. பாதி முத்திரை ஒட்ட நினைக்கிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. உறையில் அரச சேவை என்று அச்சிட்டிருந்தால் முத்திரை ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள்.

பற்றுச்சீட்டில் ஒட்டிய பாதி

பழைய வீட்டுக் கட்டுகளில் பற்றுச்சீட்டுகளும் இருக்கும். பிரித்தானியர் கால இலங்கை முத்திரைகள் பலவற்றில் போஸ்டேஜ் அண்ட் ரெவனியூ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், தபாலுக்கும் வரிக்கும் ஒரே முத்திரை. பற்றுச்சீட்டில் அதை ஒட்டி மேலே பேனையால் கையொப்பம் போடுவார்கள். சீட்டுக் கிழிந்தால் முத்திரையும் பாதியாகும். அந்தப் பாதியில் சீல் இருக்காது, பேனைக் கோடு மட்டும் இருக்கும். இதை யாரோ ஒரு உறையில் ஒட்டி விற்பதும் நடக்கிறது, பேனைக் கோடு விளிம்பில் அறுந்திருப்பதை வைத்துப் பிடித்துவிடலாம்.

வாங்கும்போது

இணையத்தில் படம் பார்த்து வாங்குவதாக இருந்தால், இரு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் கேளுங்கள், வெட்டிய விளிம்பு தனியாக. தர மறுத்தால் விட்டுவிடுங்கள். விலை பெரிதாக இருந்தால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். லண்டனில் உள்ள ரோயல் பிலடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்றவை உறையைக் கையில் வாங்கிப் பார்த்துக் கருத்து எழுதிக் கொடுக்கும். கட்டணமும் பதிவுத் தபால் செலவும் உறையின் விலையைவிடக் கூடினால் அந்த வழி வேண்டாம், மேலே சொன்ன சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழகுவதற்கு ஒரு யோசனை: கேர்ன்சி உறைகளில் சாதாரணமானவை இன்னும் நிறையவே சந்தையில் வருகின்றன, மற்றப் பாதி முத்திரைகளோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. நம்பிக்கையான ஆளிடம் ஒன்றை வாங்கி, அதன் வெட்டிய விளிம்பை லென்ஸில் நன்றாகப் பார்த்துவிடுங்கள். அப்புறம் உங்களிடம் இருக்கும் விலை இல்லாத, சீல் அடித்த முத்திரை ஒன்றை நீங்களே பாதியாக வெட்டி, ஒரு வெற்றுத் தாளில் ஒட்டி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் அந்தத் தாளில் பயிற்சி என்று மையால் எழுதிவிடுங்கள்.